கொலு பார்க்கில் தூவிய கடுகு ஏன் அழுகுகிறது?

கேள்வி: எங்கள் வீட்டுக் கொலுவில் படிகளுக்குக் கீழே பார்க் அமைப்பது 6 வயது மகளும் 3 வயது மகனும்தான். போன வருடம் பெரிய பிளாஸ்டிக் ட்ரேயில் மணல் கொட்டிக் கடுகு தூவினோம். நன்றாக முளைத்தது. ஆனால் நான்கைந்து நாளில் மஞ்சளாகச் சாய்ந்து, மணலிலிருந்து வாடை வந்துவிட்டது. மைதா மாவில் செய்து வைத்த பொம்மைகளும் பிசுபிசுத்துக் கரைந்தன. இந்த வருடம் எப்படிச் செய்யலாம்?

பதில்: வாடைக்கும் மஞ்சள் நிறத்துக்கும் காரணம் வேறு வேறு. ட்ரேயில் ஓட்டை இல்லாததால் குழந்தைகள் ஊற்றிய தண்ணீர் அடியில் தேங்கியிருக்கும். மேல் மணல் காய்ந்து தெரியும்போது மறுபடி ஊற்றியிருப்பார்கள். காற்றுப் போகாமல் வேர் அழுகியதில் வந்ததுதான் வாடை. மஞ்சளாகி நீண்டு சாய்ந்தது வெளிச்சம் போதாததால். ஹாலில் எரியும் சீரியல் பல்பும் ட்யூப் லைட்டும் பயிருக்குப் பற்றாது. தென் மாவட்டங்களில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே வெயில் படாத அறையில்தான் வைக்கிறார்கள். அது வெளிர் மஞ்சளாக நெடுநெடுவென்று நிற்பது அதனால்தான். உங்களுக்கு வேண்டியது பச்சை வயல்.

ஆகவே பார்க்கிலேயே விதைக்காதீர்கள். ஹோட்டல் பார்சல் டப்பாக்களில் விதைத்து, பால்கனியிலோ ஜன்னலோரத்திலோ வளர்த்து, கொலு அன்று அப்படியே மணலில் புதைத்து விளிம்பை மறைத்துவிடுங்கள். தினமும் காலையில் இரண்டு மூன்று மணி நேரம் டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் வைக்கலாம். ஒன்று கெட்டாலும் அதை மட்டும் மாற்றினால் போதும்.

ஒரு ஜாண் நீள டப்பாவின் அடியில் ஆணியைச் சுட்டு ஆறேழு ஓட்டை போடுங்கள் (இது பெரியவர்கள் வேலை). தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து ஓர் அங்குல உயரத்துக்கு நிரப்புங்கள். கையில் பிடித்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் வடிய வேண்டும். விதை கடுகானால் அரை டீஸ்பூன், கேழ்வரகு முக்கால், வெந்தயம் ஒன்று. குழந்தைகள் கையில் விதையை நேராகக் கொடுத்தால் ஒரே இடத்தில் குவித்துவிடுவார்கள். குவிந்த இடத்தில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். விதையோடு இரண்டு ஸ்பூன் காய்ந்த மணலைக் கலந்து, மூடியில் துளை உள்ள மிளகுத்தூள் டப்பாவில் போட்டுக் கொடுங்கள். 3 வயதுக் கைக்கும் சீராக விழும்.

வெந்தயத்தையும் கேழ்வரகையும் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஊறவைக்கலாம். கடுகை ஊறவைக்க வேண்டாம், வழவழத்து ஒட்டிக்கொள்ளும். தூவிய பின் மேலே மண் போட்டு மூடாமல், உள்ளங்கையால் லேசாக அழுத்தி, முளைக்கும்வரை ஈரத்துணியால் மூடினால் போதும். அதன்பின் தினம் இரண்டு முறை ஸ்ப்ரே பாட்டிலில்தான் தண்ணீர். குடுவையை ஒளித்துவையுங்கள்.

நவராத்திரி மகாளய அமாவாசைக்கு மறுநாள் தொடங்குகிறது. அதற்கு ஏழு நாள் முன் கேழ்வரகு, ஐந்து நாள் முன் கடுகும் வெந்தயமும், நான்கு நாள் முன் பாசிப்பயறு. கேழ்வரகு புல்வெளி மாதிரி இருக்கும், பாசிப்பயறு உயரமாக வருவதால் தோப்புக்கு ஆகும். கொத்தமல்லி வேண்டாம், முளைக்கவே பத்து நாள் எடுத்துக்கொள்ளும். அமாவாசையன்று இன்னொரு செட் விதைத்து வைத்தால் ஐந்தாம் நாளில் மாற்றப் புதுப் பச்சை தயார். சமையலறை விதையே போதும். விதைக் கடையில் வாங்கும் விதையில் மருந்து தடவியிருக்கலாம் என்பதால் குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். விதை பழசா என்று சந்தேகம் இருந்தால் 20 விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். மூன்று நாளில் 15 கூட முளைக்காவிட்டால் வேறு விதை வாங்குங்கள்.

கடுகு முளைத்த இரண்டாம் நாள் விதையை ஒட்டி வெள்ளைப் பஞ்சு போலத் தெரியும். பூஞ்சை என்று பலர் கொட்டிவிடுகிறார்கள். அது வேர்த்தூவி, வேரில் வளரும் மெல்லிய முடி போன்ற இழைகள். தண்ணீர் தெளித்தால் அடங்கி மறையும். பூஞ்சையாக இருந்தால் தெளித்தாலும் போகாது, ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்கு நூலாகப் பரவும். அந்தப் பகுதியை ஸ்பூனால் அள்ளி எறிந்துவிட்டு, அன்று தண்ணீர் தெளிக்காமல் காற்றில் வையுங்கள்.

இனி பொம்மை. மைதாவோடு உப்புச் சேர்த்துப் பிசைந்திருப்பீர்கள். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். நவராத்திரி வருவதோ மழைக்காலம், போதாததற்கு ஈர மணல் மேல் நிற்க வைத்திருக்கிறீர்கள். கரைந்த உப்பு பக்கத்துப் பயிரையும் கெடுத்திருக்கும். பார்க்குக்குக் குயவர் களிமண்தான் சரி. விநாயகர் சதுர்த்தி சமயத்திலேயே வாங்கி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். மனிதர், மாடு என்று மெல்லிய கால்கள் வேண்டாம், காயும்போது உடையும். உட்கார்ந்த பூனை, கிணறு, பூசணிக்காய் எல்லாம் சிறு குழந்தைக்கு எளிது. வெயிலில் வைத்தால் மேல்புறம் மட்டும் சீக்கிரம் காய்ந்து விரிசல் விடும். நிழலில் மூன்று நான்கு நாள் காயட்டும். சுடாத மண் என்பதால் இதுவும் ஈரத்தில் கரையும், அடியில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாள் வையுங்கள்.

குளத்துக்குக் கண்ணாடித் துண்டு வைப்பது பழைய வழக்கம். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து ஓரத்தில் மணலை அணைத்தால் அதே பளபளப்பு வரும். நிஜத் தண்ணீர்தான் வேண்டும் என்று பெரியவள் அடம்பிடித்தால், கொசு வராமல் தினமும் மாற்றும் பொறுப்பையும் அவளிடமே கொடுங்கள். பாதைக்குச் செங்கல் தூள், வேலிக்கு ஐஸ் குச்சி. விளக்கை வைக்கோல் குடிசை பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

3 வயதுக்காரர் பக்கத்தில் எப்போதும் ஒருவர் இருங்கள். பயறு, மணி எல்லாம் மூக்குக்கும் காதுக்கும் போகிற சாமான்கள். போய்விட்டால் தண்ணீர் விடவோ குச்சியால் தோண்டவோ கூடாது. பயறு ஊறிப் பெருத்து இன்னும் இறுகும். நேரே டாக்டரிடம் காட்டுங்கள்.