எல்லாவற்றுக்கும் ஐந்து – கடிதம்

வணக்கம் ஐயா,

ஒரகடத்தில் ஒரு பெயிண்ட் ஆலையில் கன்ட்ரோல் இன்ஜினியராக இருக்கிறேன். ஒரே ஈதர்நெட் மாட்யூலில் 24 நோடுகள் (டிரைவ், சென்சார் போன்ற கருவிகள்), எல்லாவற்றுக்கும் ஆர்.பி.ஐ., அதாவது எவ்வளவு நேரத்துக்கு ஒரு தரம் தகவல் பரிமாற வேண்டும் என்ற இடைவெளி, 5 மில்லி வினாடி. லைனை ஓட்டும் கணினியான பி.எல்.சி. தன் புரோகிராமை ஒரு சுற்று ஓட்டும் நேரம், அதாவது ஸ்கேன், 15. போன மாதம் மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் டிரைவ் 3 சேர்த்தோம். அதிலிருந்து ஷிஃப்டுக்கு இரண்டு முறையாவது ஏதோ ஒரு நோடு கனெக்‌ஷன் விட்டு, லைன் நிற்கிறது. மாட்யூல் வினாடிக்கு 10,000 தகவல் பாக்கெட் தாங்கும் என்று கையேட்டில் இருக்கிறது. வேகமாக இருந்தால்தான் பாதுகாப்பு என்கிறார் மேலாளர். என்ன எண் போடலாம்? நெட்வொர்க் சுவிட்சை மாற்ற வேண்டுமா? இனி இதையெல்லாம் ஏ.ஐ. பார்த்துக்கொள்ளுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் கணக்கு. 5 மில்லி வினாடி என்றால் ஒரு இணைப்பில் வினாடிக்கு 200 பாக்கெட் போகிறது, 200 வருகிறது. 24 நோடுக்கு 9,600. மூன்று சேர்ந்ததும் 10,800. கையேடு உங்கள் மேசையில்தானே இருந்தது? ஒரு பெருக்கல் போட்டுப் பார்க்க ஒரு மாதமா? 20 போட்டால் மொத்தமே 2,700. சுவிட்சைத் தொட வேண்டாம். ஏ.ஐ. பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது ‘எல்லாவற்றுக்கும்’ என்று நீங்கள் எழுதியதால்தான். மிக்ஸரை ஓட்டும் டிரைவும் ரெசின் டேங்கின் சூடும் ஒன்றா? தெர்மோவெல் என்ற உலோக உறைக்குள் கிடக்கும் சென்சாருக்கு டேங்கின் சூடு மாறியது உறைக்கவே பல வினாடிகள் ஆகும். அதைப் போய் வினாடிக்கு 200 தரம் கேட்கிறீர்கள். 15 மில்லி வினாடி ஸ்கேனில் உங்கள் புரோகிராம் எடுத்துக்கொள்வது மூன்றில் ஒன்றைத்தான். மற்ற இரண்டும் யார் கண்ணிலும் படாமல் போகின்றன. மேலாளர் சொல்லும் பாதுகாப்பும் இதில் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று முடிவு செய்யும் நேரம் ஆர்.பி.ஐ.யின் மடங்காகத்தான் கணக்காகிறது. எண்ணைக் குறைக்கக் குறைக்க, சின்னத் தாமதத்துக்கும் லைன் நிற்கும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த ஆலையில் ஒரு பாய்லர் ஆபரேட்டர் இருந்தார். புகைபோக்கிச் சூட்டை மணிக்கு ஒரு தரம் லாக் புக்கில் எழுதுவார். ஃபீட் வாட்டர் சூடும் அப்படித்தான். பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸ் பக்கம் மட்டும் முகத்தைத் திருப்பியே வைத்திருப்பார். டீ குடிப்பதும் அப்படியே. கேட்டதற்கு, “சிம்னி சூடு எங்க தம்பி ஓடிடப் போவுது? தண்ணி எறங்கிச்சின்னா நாம இருக்க மாட்டோம்” என்றார். கண்ணாடிக்குள் தண்ணீர் லேசாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், ஆடாமல் அப்படியே நின்றால் குழாய் அடைத்திருக்கிறது என்று சந்தேகப்படு என்பார். அடிக் குழாயைத் திறந்து விடுவார். தண்ணீர் இறங்கி, மூடியதும் சட்டென்று மேலே ஏறினால்தான் நம்புவார். எவ்வளவு பெரிய விஷயம் அது! சென்சாரின் அளவை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் உறைந்து போனாலும் அதே பழைய மதிப்பு 5 மில்லி வினாடிக்கு ஒரு தரம் ஒழுங்காக வந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் திரையில் எல்லாம் பச்சையாகத் தெரியும். அந்த மதிப்பு உயிரோடு இருக்கிறதா என்று ஆர்.பி.ஐ. சொல்லாது. ஒவ்வொரு டேங்கின் பக்கத்திலும் நின்று பார்த்த ஆள்தான் சொல்ல முடியும்.

நீங்கள் நின்று பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை, தம்பி. எனக்கு வருத்தம் அதுதான். படித்த பிள்ளை, ராத்திரி லைன் நின்றால் ஓடி வருகிற பிள்ளை. ஏசி அறையிலிருந்து வெளியே வர என்ன தயக்கம்? நோட்டை எடுத்துக்கொண்டு 27 நோடையும் நடந்து பாருங்கள். எது எவ்வளவு வேகமாக மாறுகிறது, மாறியது தெரியாமல் போனால் என்ன கெடும் என்று அங்கேயுள்ள ஆபரேட்டரைக் கேட்டு எழுதுங்கள். டிரைவுகளுக்கு 20, லெவலுக்கும் சூட்டுக்கும் 100 அல்லது அதற்கும் மேல் என்று ஆரம்பிக்கலாம். பிறகு உங்கள் பட்டியல் சொல்கிறபடி மாற்றுங்கள். எண்ணை மாற்றும்போது அந்த இணைப்பு ஒரு தரம் அறுந்துதான் சேரும். அதனால் லைன் ஓடும்போது கை வைக்காமல், மேலாளரிடம் சொல்லிவிட்டு ஷட்டவுனில் செய்யுங்கள்.