‘லவ் பேர்ட்ஸ்’ என்றால் எந்த லவ் பேர்ட்ஸ், ஆச்சி?

கேள்வி: கல்லல் பக்கம் எங்கள் ஊர். நெல், கொஞ்சம் கடலை, பத்து வெள்ளாடு, கொல்லையில் நாட்டுக்கோழி. வளவு முற்றத்தில் பெரிய கூண்டு ஒன்றில் லவ் பேர்ட்ஸ் எட்டும், தலையில் கொண்டை வைத்த காக்டெயில் கிளி இரண்டும் நாலு வருஷமாகச் சண்டையில்லாமல் இருக்கின்றன. லீவுக்கு வந்த பேரன் சன் கானூர் என்ற மஞ்சள் கிளி ஒன்றும், லவ் பேர்ட்ஸில் முகம் சிவந்த, கொஞ்சம் தடித்த ஜோடி ஒன்றும் வாங்கி வந்து விட்டுப் போய்விட்டான். அந்த ஜோடியைப் பழைய கூண்டிலேயே விட்டேன். மறுநாள் காலை ஆண் காக்டெயிலின் விரல் நுனியில் ரத்தம். எல்லாவற்றையும் ஒன்றாகப் பழக்குவது எப்படி?

பதில்: முதலில் அந்த விரலைப் பாருங்கள் ஆச்சி. 90 கிராம் காக்டெயிலின் உடம்பில் மொத்த ரத்தமே 9 மில்லி அளவுதான். இருமல் மருந்து மூடிகூட நிறையாது. ஒரு மில்லி போனாலே அது ஆபத்துதான். இன்னும் கசிந்தால் சோளமாவை (கடையில் விற்கும் கார்ன்ஃபிளவர்) ஒரு சிட்டிகை வைத்து இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். பிடிக்கும்போது நெஞ்சை இறுக்கிவிடாதீர்கள். நெஞ்சு விரிந்தால்தான் பறவை மூச்சுவிடும். விரல் கறுத்தாலோ வீங்கினாலோ கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இனி பெயர் விஷயம். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று எல்லோரும் சொல்வது பட்ஜியை. ஆஸ்திரேலியப் பறவை, 30, 40 கிராம், சாது. உங்கள் பழைய எட்டும் அதுதான். பேரன் கொண்டுவந்தது ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ். உண்மையில் அந்தப் பெயருக்கு உரியது இதுதான், ஆனால் அதன் காதல் ஜோடியோடு முடிந்துவிடும். மற்ற பறவையின் காலைக் கவ்வுவது அதன் குணம். கடைக்காரர் ‘அதுவும் லவ் பேர்ட்ஸ்தான்’ என்று சொல்லிக் கொடுத்திருப்பார். இந்த ஒரு வார்த்தையால் விரல் இழந்த காக்டெயிலை நானே வீட்டில் வைத்திருந்தேன். படித்த எனக்கே அன்று புத்தி வரவில்லை, உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆகவே ஆப்பிரிக்க ஜோடியை இன்றே தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். பட்ஜியும் காக்டெயிலும் இதுவரை இருந்தபடியே இருக்கலாம். கானூருக்குத் தனிக் கூண்டு. ‘ஒன்றாகப் பழக்குவது’ என்றால் ஒன்றை ஒன்று பார்த்துப் பதறாமல் இருக்கச் செய்வது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் நாரையும் கொக்கும் ஒரே மரத்தில்தான் குஞ்சு பொரிக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் கிளை, அதனதன் கூடு.

பழக்கத்துக்கு முன்னால் நோய்க்காவல். புதிதாக வந்த பறவையை ஒரு மண்டலம் தனி அறையில் வைக்க வேண்டும். 30 நாள் போதும் என்பவர்களும் உண்டு, நான் மண்டலக் கணக்கில் 48 நாள் கட்சி. செட்டிநாட்டு வீட்டில் பூட்டிக் கிடக்கும் அறைக்கா பஞ்சம்? ஆனால் வளவைச் சுற்றியுள்ள அறைகள் வேண்டாம், எல்லாம் ஒரே முற்றத்துக் காற்று. பின்கட்டில் ஒன்றைத் திறந்து, ஒட்டடை அடித்து வையுங்கள். ஆப்பிரிக்க ஜோடி ஏற்கெனவே ஓர் இரவு பழைய கூண்டில் தங்கிவிட்டதால் பழைய பத்தையும் சேர்த்தே கவனிக்க வேண்டியிருக்கிறது. தினமும் தீனி வைப்பது பழையவற்றுக்கு முதலில், புதியவற்றுக்குக் கடைசியில், பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவல். கொல்லைக் கோழிக்குப் போட்டுவிட்டு அதே கையோடு கிளியிடம் போகாதீர்கள். கோழியின் வெள்ளைக்கழிச்சல் நோய் கிளிகளுக்கும் வரும்.

இந்த நாட்களில் சமையலறை டிஜிட்டல் தராசில் புதிய பறவைகளைக் காலையில் தீனிக்கு முன் நிறுத்துப் பாருங்கள். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் நோய் என்றே கொள்ளுங்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்காருவது, மூக்கில் ஒழுகல், மஞ்சள்பச்சையாக நீர்த்த எச்சம் இவையும் அப்படியே. சிட்டகோசிஸ் என்ற கிருமிநோய் மனிதருக்கும் தொற்றும். காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்காமல் தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். உங்களுக்குக் காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வீட்டில் கிளி இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

மண்டலம் முடிந்ததும் கானூர் கூண்டை முற்றத்துக்குக் கொண்டுவந்து, பழைய கூண்டிலிருந்து எட்டடி தள்ளி வையுங்கள். மூன்று நாளைக்கு ஓர் அடி நெருக்கினால் போதும். கத்தும், அதன் தொண்டை அப்படி, பக்கத்து வீட்டாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். இரண்டு கூண்டிலும் ஒரே நேரத்தில் தீனி வையுங்கள். ஒன்று தின்பதைப் பார்த்து மற்றதும் தின்ன ஆரம்பித்தால் சரியான வழியில் போகிறோம் என்று அர்த்தம். கூண்டுகள் ஒட்டவே கூடாது. கம்பிக்கு வெளியே நீண்ட விரலைக் கடிக்க ஒரு நொடி போதும். ஓர் அடி இடைவெளி என்றைக்கும் இருக்கட்டும்.

வெளியே விட்டுப் பழக்குவதானால் கானூரும் காக்டெயிலும் மட்டும். பட்ஜி வேண்டாம், எடை வித்தியாசம் மூன்று மடங்கு. திறந்த முற்றத்தில் விட்டால் வானத்தோடு போய்விடும். இரண்டுக்கும் சொந்தமில்லாத ஓர் அறையில், கதவை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, சுவரில் பழைய பெல்ஜியம் கண்ணாடி இருந்தால் வேட்டியால் மூடிவிட்டு விடுங்கள். இரண்டு கிண்ணத்தில் தினை, அறையின் இரண்டு மூலையில். முதல் நாள் பத்து நிமிஷம்.

காக்டெயிலின் கொண்டையைக் கவனியுங்கள். பாதி நிமிர்ந்திருந்தால் ஆர்வம். தலையோடு படிந்து, வாய் திறந்து சீறினால் போதும் என்கிறது. கானூர் வாலை விசிறிபோல் விரித்து, கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிந்தால் பாயப் போகிறது. கையை நடுவில் விடாதீர்கள், ஒரு துண்டை வீசி மறையுங்கள். வாரக்கணக்கில் ஒட்டவில்லையா, விட்டுவிடுங்கள், ஒட்டாதவை ஒட்டாது. ஒட்டினாலும் இரவுத் தூக்கம் அவரவர் கூண்டில். முட்டைக்குக் கட்டிய பானை இருந்தால் இந்த நாட்களில் எடுத்துவிடுங்கள். பானை இருந்தால் சாதுப் பட்ஜிகூட வம்புக்கு நிற்கும்.

பேரனிடம் ஒரு வேலை சொல்லுங்கள். சன் கானூர், அரிய உயிரினங்களின் உலக வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள பறவை. 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், வாங்கிய ரசீது பத்திரம். அடுத்த லீவுக்கு நம்மூர்ப் பச்சைக்கிளி கொண்டுவருகிறேன் என்றால் வேண்டாம் என்றுவிடுங்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை வளர்ப்பதே குற்றம்.

கடைசியாக, கூண்டு அடுப்படி வாசலுக்கு நேராக இருந்தால் இன்றே தள்ளி வையுங்கள். நான்-ஸ்டிக் பணியாரச் சட்டி காய்ந்து புகைந்தால் நமக்குத் தெரியாத ஆவி கிளம்பும், கூண்டு முழுக்க நிமிஷங்களில் செத்து விழும். கிளி இருக்கும் வீட்டில் பழைய இரும்புக்கல்லிலேயே பணியாரம் ஊற்றுங்கள்.