கன்வெர்ட்டரைக் கழற்ற வேண்டாம்

20 வருடப் பழைய காரில் இழுவை போதவில்லை, புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றி வெறும் குழாய் போட்டால் புகைச் சோதனையில் தேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேறாது நண்பரே, கழற்றாதீர்கள். முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பாருங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எதைப் பூட்டினாலும் வீண். அது சரி என்றால் பிளக், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் இரண்டையும் மாற்றுங்கள், சென்சார் மந்தமானால் 14.7:1 என்ற காற்று பெட்ரோல் விகிதம் கெட்டு இழுவையும் போகும், புகையும் கூடும். அப்புறம் பிரேக், வேகம் கூட்டும் முன் அதையும் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், மாற்றி 2 வருடம் தாண்டியிருந்தால் நீண்ட இறக்கத்தில் கொதித்து, பெடல் பஞ்சுபோல் உள்ளே போய்விடலாம். எனக்கே நடந்திருக்கிறது, இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகும் வேகம் வேண்டுமென்றால், உங்கள் ஊர்ச் சட்டம் ஏற்கும் சான்றிதழோடு வரும் ஹை-ஃப்ளோ (புகையைத் தடையில்லாமல் வெளியே விடும்) கன்வெர்ட்டர் போடுங்கள், அந்தச் சான்றிதழை வண்டியிலேயே வையுங்கள்.