விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு மாற்றலாமா, புதிதாகத்தான் போட வேண்டுமா?

தாராளமாக அப்படியே மாற்றலாம். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பு டிஸ்க்; பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே அதில் நகலெடுப்பதுதான் குளோன். 'குளோன் எல்லாம் வேண்டாம், புதிதாகப் போடுவதுதான் சுத்தம்' என்று சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். அவர்கள் சொல்வது தப்பில்லை. ஆனால் வருடக்கணக்காகச் சேர்ந்த மென்பொருள், பிரிண்டர் செட்டிங், லைசென்ஸ் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுக்கொடுக்க அவர்களில் ஒருவரும் உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை.

உங்களுடையது ஐந்தாறு வருடப் பழைய லேப்டாப், உள்ளே நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் (5400 ஆர்பிஎம்) ஹார்ட் டிஸ்க், ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். என்னுடையதும் அந்த ரகம்தான். 500 ஜிபி டிஸ்க்குக்கு அதே 500 ஜிபியில் எஸ்எஸ்டி வாங்கி, மதர்போர்டில் காலியாக இருந்த எம்.2 ஸ்லாட்டில் (எஸ்எஸ்டி செருகும் இடம்) செருகி, குளோன் மென்பொருளை ஓடவிட்டேன். மூன்று மணி நேரத்தில் முடிந்தது. ரீஸ்டார்ட் செய்தேன், டெஸ்க்டாப் வந்தது. ஒரு எர்ரர்கூட இல்லை.

வேகம்தான் கூடவே இல்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கியவன் மனசு லேசில் ஒப்புக்கொள்ளுமா? 'பரவாயில்லை, கொஞ்சம் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது' என்று மனைவியிடம் சொன்னேன். அவள் திரையில் சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் இப்படியே ஓடியது. பழைய டிஸ்க் சும்மாதானே இருக்கிறது என்று அதைக் கழற்றி, யூஎஸ்பி கேஸில் போட்டு, வேறொரு கம்ப்யூட்டரில் ஃபார்மட் அடித்து, குடும்பப் போட்டோக்களை எல்லாம் கொட்டி நிரப்பினேன். லேப்டாப்பை மூடி, ஸ்க்ரூ முறுக்கி, பவர் பட்டனை அழுத்தினேன். பத்துப் பன்னிரண்டு விநாடியில் டெஸ்க்டாப்! ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன். போன வாரம் மகள் வரைந்த யானையை வால்பேப்பராக வைத்திருந்தேன். அங்கே யானையைக் காணோம், பழைய மலைப்படம் இருந்தது. பிரவுசரைத் திறந்தால் 'எம்.2 ஸ்க்ரூ என்ன அளவு' என்று குளோன் செய்த அன்று நான் தேடிய பக்கம் அப்படியே திறந்து நிற்கிறது. எழுதிக்கொண்டிருந்த கையேட்டைத் திறந்தேன். நாற்பது பக்கம் தாண்டியிருந்தது, பதினோராம் பக்கத்தோடு நின்றது.

நடந்தது இதுதான். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உள்ளே ஓர் அடையாள எண் உண்டு. என் மென்பொருள் அதையும் சேர்த்து நகலெடுத்துவிட்டது. ஒரே எண்ணில் இரண்டு டிஸ்க்கைக் கண்டால் விண்டோஸ் ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றதை 'ஆஃப்லைன்' என்று ஓரங்கட்டிவிடும். எந்த டிஸ்க்கிலிருந்து கம்ப்யூட்டர் தொடங்க (பூட் ஆக) வேண்டும் என்ற வரிசை, விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸ் செட்டிங்கில் இருக்கும்; நான் அதைத் தொடவே இல்லை. ஆக, இரண்டு வாரமும் பூட் ஆனது பழைய டிஸ்க்கில்தான். எஸ்எஸ்டி உள்ளே தேமே என்று கிடந்திருக்கிறது. எக்ஸ்ப்ளோரரில் ஒரே ஒரு சி டிரைவ், அதுவும் எதிர்பார்த்த அதே அளவில். எனக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

'பேக்கப் எடுக்கவில்லையா?' என்று கேட்கப்போகிற அறிவாளிகளுக்கு: எடுத்தேன். குளோன் செய்வதற்கு முந்தைய நாள். அதிலும் பதினோரு பக்கம்தான்.

அதனால், குளோன் முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுக்காதீர்கள். ஷட்டவுன் செய்து, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். பூட் ஆனால் வேலை முடிந்தது. கழற்ற வழியில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் பர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், சி என்பது எந்த டிஸ்க்கின் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் 10-இன் 2020 மே பதிப்பிலிருந்து எஸ்எஸ்டியா எச்டிடியா (ஹார்ட் டிஸ்க்கா) என்று அங்கேயே போட்டிருக்கும். சி டிரைவை மட்டும் நகலெடுப்பதும் வம்பு. அதற்கு முன்னால் 100 எம்பி அளவில் ஒரு குட்டிப் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) இருக்கும், பூட் ஃபைல்கள் அதில்தான் இருக்கின்றன. புதிதாகப் போடும் கட்சிக்காரர்களும் சிரிக்க வேண்டாம். பழைய டிஸ்க் செருகியிருக்கும்போது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டால், பூட் ஃபைல்களைப் பழைய டிஸ்க்கின் குட்டிப் பார்ட்டிஷனிலேயே கொண்டுபோய் வைக்கும் பழக்கம் இன்ஸ்டாலருக்கு உண்டு. பிறகு டிஸ்க்கைக் கழற்றினால் கருப்புத் திரைதான்.

எஸ்எஸ்டி சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, டிஸ்க்கில் உள்ள மொத்த டேட்டா அதற்குள் அடங்கினால் போதும். சில மென்பொருள்கள் அடம்பிடிக்கும். முதலில் விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி-யைச் சுருக்கிவிட்டுச் செய்யுங்கள்.

   

இன்னொன்று, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் 48 இலக்க ரெகவரி கீயை முதலில் காகிதத்தில் எழுதி வையுங்கள். புது டிஸ்க்கில் பூட் ஆகும்போது கேட்டாலும் கேட்கும், அந்த நேரத்தில் லேப்டாப்புக்குள் போய்த் தேட முடியாது. பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது அலமாரியில் வையுங்கள். போட்டோவை வேறு எங்காவது கொட்டிக்கொள்ளலாம்.