திறமையை வீணடித்த விளையாட்டு நட்சத்திரங்களுக்காக நாம் ஏன் இரங்க வேண்டும்?

கேள்வி கேட்டவரின் கோபம் எனக்குப் புரிகிறது. லட்சத்தில் ஒருவருக்குக் கிடைக்கிற திறமையைக் குடியிலும் கூத்திலும் தொலைத்துவிட்டு, பிறகு கையேந்தி நிற்பவர்களுக்காக ஏன் வருத்தப்பட வேண்டும், உயிரைக் கொடுத்து உழைத்தும் வாய்ப்பே கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்கிறார். என் பதில், வருத்தப்படத்தான் வேண்டும் என்பது. ஆனால் நாம் பெரும்பாலும் வருத்தப்படுவது அந்த மனிதருக்காக இல்லை. நமக்குப் பார்க்கக் கிடைக்காமல் போன ஆட்டத்துக்காக.

கிரிக்கெட் வீரர் வினோத் காம்ப்ளியைப் பற்றிப் பேசும்போது இது நன்றாகத் தெரியும். 1993 இல் மும்பையில் இங்கிலாந்துக்கு எதிராக 224, அடுத்த டெஸ்டிலேயே டெல்லியில் ஜிம்பாப்வேக்கு எதிராக 227. 14 இன்னிங்ஸில் ஆயிரம் ரன். மொத்தம் 17 டெஸ்ட், சராசரி 54.20. கடைசி டெஸ்ட் 1995 நவம்பரில். அப்போது அவருக்கு வயது 23. இந்த எண்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, "சச்சினாக வந்திருக்க வேண்டியவன், கெட்டுப்போனான்" என்று முடித்துவிடுவார்கள். இதில் காம்ப்ளி எங்கே இருக்கிறார்? வராமல் போன இன்னும் இருபது சதங்கள்தான் இருக்கின்றன. அவை நமக்கு வந்து சேர வேண்டிய சொத்து போலவும், அவர் அதை அழித்துவிட்டது போலவும் பேசுகிறோம்.

அந்தக் கதையே முழுக்கச் சரியா என்பதும் சந்தேகம்தான். வேகப்பந்து வீச்சாளர்கள் எழும்பும் பந்துகளால் அவரைத் திணறடித்தார்கள். அணிக்குள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார். 54 சராசரி வைத்திருந்த ஓர் இளைஞருக்கு 23 வயதுக்குப் பிறகு ஒரு டெஸ்ட் வாய்ப்புகூடத் திரும்பக் கிடைக்கவில்லை என்பதில் ஆட்டநுட்பம், தேர்வாளர்களின் முடிவு, நடத்தை எல்லாமே கலந்திருக்கும். எவ்வளவுக்கு எது என்று வெளியில் இருந்து பிரித்துச் சொல்ல முடியாது. பள்ளிக்கூட ஆட்டத்தில் 664 ரன் கூட்டாகச் சேர்த்த சச்சின், காம்ப்ளி இருவரையும் வாழ்நாள் முழுக்க அடுத்தடுத்து நிறுத்தி அளந்துகொண்டே இருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே பயிற்சியாளர் என்பதாலேயே ஒரே தொடக்கம் என்று நினைத்துவிடுகிறோம். சச்சின் மைதானத்துக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்கி ஆட முடிந்தது, அண்ணன் அஜித் கூடவே இருந்தார். காம்ப்ளி மும்பைப் புறநகரான காஞ்சூர்மார்க்கில் இருந்து ரயிலேறி வந்த பையன்.

சுழற்பந்து வீச்சாளர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனும் அப்படித்தான். 17 வயதில் டெஸ்ட் ஆடினார். 1984 இல் மும்பையில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 12 விக்கெட் எடுத்தார். 1986 ஜனவரியில், 20 வயதில், சிட்னியில் ஆடியது கடைசி டெஸ்ட். பையன் கவனத்தைச் சிதறவிட்டான் என்று சொல்லி முடித்துக்கொண்டவர்கள் நிறைய. 2021 இல் அவரே பொதுவெளியில் எழுதினார், தோல் நிறத்தை வைத்து வாழ்நாள் முழுக்கத் தன்னை ஒதுக்கினார்கள் என்று. பந்து ஏன் திரும்பவில்லை என்று அலசிய யாருக்கும் அது அப்போது தெரியாது.

சரி, குடிக்கு வருவோம். கேள்வியின் கனம் அங்கேதான் இருக்கிறது. கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட்டைவிடக் கடினமான உதாரணம் எனக்குத் தெரியாது. பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். 1968 இல் மான்செஸ்டர் யுனைடெட் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது இறுதிப்போட்டியில் கோல் அடித்தார். அதே ஆண்டு, 22 வயதில், ஐரோப்பாவின் சிறந்த வீரர். 1974 இல் அந்த அணியை விட்டு வெளியேறும்போது வயது 27. பிறகு குடி, வழக்கு, சிறை. 2002 இல் அவருக்கு ஈரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த ஆண்டே மறுபடி குடித்தார். 2004 இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகத் தண்டிக்கப்பட்டார். 2005 நவம்பரில், 59 வயதில் இறந்தார்.

அந்த ஈரல் இன்னொருவருக்குக் கிடைத்திருக்கலாம் என்று கொதித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். யாரோ ஒருவர் இறந்து, அவர் குடும்பம் மனது வைத்துக் கொடுத்தது அது. காத்திருப்போர் பட்டியலில் இருந்த ஒருவரின் மனைவியாகவோ மகனாகவோ நான் இருந்திருந்தால் எனக்கும் ஆறியிருக்காது. ஆனால் அந்தக் கோபத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு விஷயத்தையும் வைக்க வேண்டும். பெஸ்ட்டின் அம்மா ஆன், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு குடிக்கத் தொடங்கியவர். 1978 இல் குடியாலேயே இறந்தார். அவர் எந்தக் கோப்பையையும் வென்றதில்லை, பத்திரிகைக்காரர்கள் துரத்தியதில்லை, கையில் கொட்டிக் கிடந்த பணமும் இல்லை. மகன் கெட்டுப்போனதற்குப் புகழும் பணமும்தான் காரணம் என்று சொன்னால் அம்மாவுக்கு என்ன சொல்வது? மருத்துவம் இதை நோய் என்று வகைப்படுத்தி வெகுகாலம் ஆகிறது. சாவைப் பார்த்துவிட்டு வந்த பிறகும் திரும்பக் குடிப்பதுதான் அந்த நோயின் முகம். சாகும் முன் மருத்துவமனைப் படுக்கையில் மஞ்சள் பூத்த உடம்போடு தன்னைப் படம் எடுக்கச் சொல்லி, "என்னைப் போல் சாகாதீர்கள்" என்று அச்சிடச் சொன்னவரும் அதே பெஸ்ட்தான்.

என் நெருங்கிய உறவில் ஒருவர் இப்படிப் போனார். நல்ல கைப்பந்து ஆட்டக்காரர், ஆனால் ஊரறிந்தவர் இல்லை. நிறுத்திவிட்டேன் என்று அவர் சொன்ன ஒவ்வொரு முறையும் அவர் பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் அதை முழுசாக நம்பினார். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு "மன உறுதி இருந்தால் விட்டிருக்கலாமே" என்ற பேச்சு தாங்காது. பெஸ்ட்டைப் பார்த்ததும் ஒரு கோப்பை வாங்கிக் கொடுக்க எப்போதும் யாராவது இருந்தார்கள். ரசிகனின் அன்பு என்று நினைத்துக்கொண்டு செய்தார்கள். எங்கள் உறவினருக்கு அந்தத் தொல்லையாவது இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பற்றிப் பேசுவது குறைவு. நாம் வீழ்ந்தவர்கள் என்று சொல்பவர்களில் பலர் சிறுவர்களாக இருந்தபோதே அந்த உயரத்துக்கு ஏற்றிவிடப்பட்டவர்கள். டென்னிஸ் வீராங்கனை ஜெனிஃபர் கேப்ரியாட்டி 1990 இல், 14 வயது நிறைவதற்குச் சில வாரம் முன்பு, தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். முதல் போட்டியிலேயே இறுதிக்குப் போனார். 16 வயதில் ஸ்டெஃபி கிராஃபை வென்று ஒலிம்பிக் தங்கம். 18 வயதில் கஞ்சா வைத்திருந்ததாகக் கைதானார். அந்தப் போலீஸ் புகைப்படத்தை உலகமே பார்த்தது, இவள் கதை முடிந்தது என்று எழுதினார்கள். பிறகு பெண்கள் டென்னிஸில் இத்தனை வயதுக்குள் இத்தனை போட்டிதான் ஆடலாம் என்று விதியைக் கடுமையாக்கினார்கள். பெரியவர்களின் தவறு அது என்று டென்னிஸ் உலகமே ஒருவகையில் ஒத்துக்கொண்டதாகத்தான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன். கேப்ரியாட்டி திரும்பி வந்தார். 2001 இல் ஆஸ்திரேலிய ஓபனையும் பிரெஞ்சு ஓபனையும் வென்றார், உலகின் முதலிடத்துக்கும் போனார். 1994 இல் அவரைக் கைகழுவியவர்கள் சொன்னபடி நடந்திருந்தால் இதெல்லாம் இல்லை.

ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இரங்க என்னால் முடியாது. குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் 30 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தும் 2003 இல் திவாலானதைச் சோகக் கதையாகச் சொல்வார்கள். 1992 இல் அவர் பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் டைசனின் போன பணத்துக்கும் பட்டத்துக்கும் கண்ணீர் விடுகிற கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பிரேசில் கால்பந்து வீரர் கரிஞ்சா 1958, 1962 இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற அணியில் ஆடியவர், 49 வயதில் குடியால் இறந்தவர். அவருக்காக மனம் கனக்கிறது, உண்மை. 1969 இல் அவர் ஓட்டிய வண்டி விபத்தில் சிக்கி அவருடைய மாமியார் செத்துப்போனார் என்பதும் உண்மை. இரக்கம் என்பது கணக்கைத் தள்ளுபடி செய்வது இல்லை. அடிபட்டவர்களின் பக்கம் நின்றுகொண்டே அடித்தவரின் நோய்க்காகவும் வருந்த முடியும். கஷ்டம்தான், ஆனால் முடியும்.

உழைத்தும் மேலே வராதவர்கள் பற்றிக் கேட்டிருக்கிறார். அவர்களுக்கு நாம் எதுவும் தராமல் இருப்பது காம்ப்ளிக்கு இரங்கியதால் இல்லை. 19 வயதில் முழங்கால் போய் ஆட்டத்தை விட்டவரின் பெயரே நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். அவருக்கும் சேர்த்து ஓய்வூதியமோ மருத்துவ உதவியோ கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஒருவர் தட்டில் இருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கிற விஷயமாக இதைப் பார்க்க வேண்டியதில்லை.

2024 டிசம்பரில் தன் குரு அச்ரேக்கரின் நினைவுச்சின்னத் திறப்பு விழாவில் காம்ப்ளி தளர்ந்துபோய் உட்கார்ந்திருந்த வீடியோ எல்லா இடத்திலும் சுற்றியது. கீழே பாதிப் பேர் "ஐயோ பாவம்", மீதிப் பேர் "தானே தேடிக்கொண்டது". இரண்டுமே அவருக்கு உதவாது. அந்தச் சமயத்தில் 1983 உலகக் கோப்பை அணியினர் உதவத் தயார் என்றார்கள். முதலில் அவரே சிகிச்சைக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார்கள். தன்னைத்தானே பார்த்துக்கொள்ளாதவரை நாம் எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற பொருளில் கபில் தேவ் பேசியதைச் சிலர் கல்நெஞ்சம் என்றார்கள். எனக்கு அது அக்கறையாகத்தான் பட்டது. குடிநோயாளி இருக்கிற வீட்டில் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள், மருத்துவமனைக்கும் வாடகைக்கும் நேராகக் கட்டுங்கள், சிகிச்சைக்குப் போகும்போது கூட ஒருவர் போங்கள். பாதியில் ஓடி வந்தால் இரண்டாம் முறையும் கூட்டிப் போங்கள்.