மெலிந்த பிள்ளைக்கு ஏன் அளந்து அளந்து பால் விடுகிறார்கள்?

கேள்வி: பருத்தித்துறையிலிருந்து எழுதுகிறேன். என் மகளின் ஒன்றரை வயதுப் பிள்ளை நிமோனியாவுடன் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். நிறை 6 கிலோதான். கடும் போசாக்கின்மை என்கிறார்கள். ஆனால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 65 மில்லிலீற்றர் பாலை மூக்குக் குழாயால் விடுகிறார்கள், அவ்வளவுதான். நான் கொண்டுபோன சத்துமாக் கஞ்சியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு சேலைனாவது ஏற்றுங்கள் என்றேன், அதற்கும் மறுப்பு. பிள்ளையைப் பட்டினி போடுகிறார்களா, டொக்டர்?

பதில்: இல்லை அம்மா. அந்த 65ஐ ஒரு நாளின் பன்னிரண்டு வேளையால் பெருக்கிப் பாருங்கள்: 780 மில்லிலீற்றர். கிலோவுக்கு 130. கால் வீக்கம் இல்லாத பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு அதுதான். அது பெரும்பாலும் எஃப்-75 என்ற பாலாக இருக்கும். 100 மில்லிலீற்றரில் 75 கிலோகலோரி, ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவான புரதம். தொடக்க நாட்களுக்கென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

நீண்ட நாள் உணவு குறைந்த உடல் தன் கொழுப்பையும் தசையையும் எரித்தே உயிரைக் காக்கிறது. பொஸ்பேற்று, பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய உப்புகளின் கையிருப்பு கரைந்துபோயிருக்கும். ஆனாலும் இரத்தப் பரிசோதனையில் அளவு சரியாகவே தெரியலாம். அந்த நிலையில் மாச்சத்து ஒரேயடியாக உள்ளே போனால் இன்சுலின் பாய்ந்து எழும். இரத்தத்தில் மிஞ்சியிருந்த உப்புகளைக் கலங்கள் இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் பொஸ்பேற்று சட்டென்று விழும். இதயம் தாளம் தவறும், மூச்சுத் தசை சோரும். நிமோனியாவோடு போராடும் பிள்ளைக்கு அது தாங்காது. தயமின் என்ற பி1 உயிர்ச்சத்தும் அப்போதுதான் வேகமாகச் செலவாகும். உணவு தொடங்கிய முதல் சில நாட்களே மிக ஆபத்தானவை. இரத்தத்தை அடிக்கடி சோதிப்பது இதற்காகத்தான். ஊசி குத்துகிறார்களே என்று மனம் நோக வேண்டாம்.

சேலைன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் சேலைன் ஏற்றாவிட்டால் வைத்தியமே பார்க்கவில்லை என்று நினைக்கிறோம். மெலிந்த பிள்ளையின் இதயமும் மெலிந்தே இருக்கும். இரத்த ஓட்டம் குலையும் அதிர்ச்சி நிலை போன்ற அவசரம் இல்லாமல் ஏற்றும் திரவம் அந்த இதயத்தைத் திணறடித்துவிடும். இரும்புச்சத்துப் பாணியும் இப்போது வேண்டாம். கிருமித் தொற்று அடங்கி, பசி திரும்பி, நிறை கூடத் தொடங்கிய பிறகே அது.

உங்கள் கஞ்சியைத் திருப்பியது கடினமாகத்தான் இருந்திருக்கும். காரணத்தை அப்போதே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் தரப்புப் பிழை. அதற்காக, யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு கரண்டி ஊட்டிவிடாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த விடுதியொன்றில், பாசத்தால் ஒளித்துக் கொடுத்த மால்ற் பானத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை இரவு முழுவதும் மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

பொதுவாக ஒரு வாரத்துக்குள் பசி எழும். அப்போது எஃப்-100 என்ற செறிவான பாலுக்கு மாற்றி, முதலில் அதே அளவு கொடுத்து, இரண்டு நாட்களின் பின் ஒவ்வொரு வேளையும் 10 மில்லிலீற்றர் வீதம் கூட்டிக்கொண்டு போவார்கள். வீட்டு உணவு அதன் பிறகு வரும். சத்துமாக் கஞ்சியை எப்போது, எவ்வளவு என்று விடுதி வைத்தியரிடம் கேளுங்கள். வீடு திரும்பியதும் குடும்பநல உத்தியோகத்தரிடம் நிறை பார்ப்பதைத் தவறவிடாதீர்கள்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது நிறையவே இருக்கிறது. பிள்ளையைக் குளிரவிடாதீர்கள், தொப்பியும் கம்பளியும் வேண்டும். இரவு இரண்டு மணிப் பாலும் நாலு மணிப் பாலும் தவறக் கூடாது, தவறினால் இரத்தச் சீனி இறங்கும். மூச்சு வேகமானால், பாதம் வீங்கினால், பிள்ளை அசாதாரணமாகத் தூங்கி வழிந்தால் உடனே தாதியைக் கூப்பிடுங்கள். மகளிடம் யாரும் குற்றம் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். தாதியிடம் கேட்டு, அடுத்த வேளைப் பால் இறங்கும்போது அந்தக் குழாயை மகளின் கையிலேயே பிடிக்கக் கொடுங்கள்.