அப்பாவைக் கேட்டீர்களா?

கேள்வி: என் அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். புது மருந்து ஒன்றுக்கு கிளினிக்கல் டிரையல் நடக்கிறதாம். மருந்து, ஸ்கேன் எல்லாம் இலவசம் என்கிறார்கள். நாங்கள் கையெழுத்துப் போடலாமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கூடாது. நீங்கள் போடக் கூடாது.

‘நாங்கள்’ என்கிறீர்கள். அந்த நாங்களில் அப்பா இருக்கிறாரா? தனக்கு என்ன நோய் என்பதாவது அவருக்குத் தெரியுமா? இந்த விஷயத்தில் இதே பக்கத்தில் பலமுறை வாசகர்களோடு சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, நோயாளியிடம் “சாதாரணச் சளிதான்” என்று சொல்வதைப் பாசம் என்று நினைக்கிறோம். கேட்டால், “அவர் தாங்கமாட்டார்” என்கிறோம். இத்தனை வருஷம் ஒரு குடும்பத்தையே தாங்கியவர் ஒரு நோயின் பெயரைத் தாங்கமாட்டாரா? ஊசி ஏறப்போவது அவர் உடம்பில். வாந்தியும் காய்ச்சலும் வந்தால் படப்போவதும் அவர்தான்.

சட்டமும் அவர் பக்கம்தான். கிளினிக்கல் டிரையல்களுக்கென்று 2019ஆம் ஆண்டு வந்த விதிகளின்படி, நினைவோடு இருந்து புரிந்துகொள்ளக் கூடிய பெரியவருக்காக மகன் ஒப்புதல் தர முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றாலும் கைநாட்டு அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு, டிரையலோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி, விளக்கம் சொல்லும் நேரம் முழுக்க உடன் இருக்க வேண்டும். விளக்கத் தாளைத் தமிழில் கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க அவகாசம் கேளுங்கள். “இன்றே போடுங்கள்” என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், டிரையல் நடக்கிறது என்றாலே, அந்த மருந்து ஏற்கெனவே இருக்கும் மருந்துகளைவிட நன்றாக வேலை செய்யுமா என்று இன்னும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். பல டிரையல்களில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரிப்பார்கள். எந்தப் பிரிவு என்பதை நீங்களோ டாக்டரோ தேர்ந்தெடுக்க முடியாது. சில டிரையல்களில், யாருக்கு எந்த மருந்து போகிறது என்பது டாக்டருக்கே தெரியாது. ஆகவே அப்பா கேட்க வேண்டிய முதல் கேள்வி: “புது மருந்து கிடைக்காத பிரிவில் விழுந்தால் எனக்கு என்ன சிகிச்சை?”

இதையெல்லாம் சொல்வதால் டிரையலுக்கு நான் எதிரி என்று நினைக்க வேண்டாம். 1956இல் சென்னையில் காசநோய்க்கு ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். காசநோய் என்றால் சானடோரியம் என்ற தனி ஆஸ்பத்திரி, நல்ல சாப்பாடு, பல மாதப் படுக்கை என்றிருந்த காலம். ஏழைக்கு ஏது படுக்கை? 190க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்து அதே மாத்திரைகளை ஒரு வருஷம் சாப்பிட்டார்கள். 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களால் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகமே காசநோய்க்கு வைத்தியம் பார்க்கும் முறை அதனால் மாறியது. அந்த நோயாளிகளுக்கு இந்த ஊரில் ஒரு தெருப்பெயர்கூட இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம். அப்பா இதைக் கேட்டுவிட்டு, சேருகிறேன் என்று சொன்னால் தடுக்காதீர்கள்.

சேருவதானால், அந்த டிரையலின் சிடிஆர்ஐ (இந்தியாவில் நடக்கும் டிரையல்களின் பதிவேடு) பதிவு எண்ணை வாங்கி, இணையத்தில் அந்தப் பதிவேட்டில் நீங்களே பாருங்கள். பதிவு இல்லை என்றால் சேர வேண்டாம். படிவத்தில் ஆண்டு வருமானமும் வாரிசுதாரர் பெயரும் கேட்பார்கள். பதற வேண்டாம்; டிரையலால் உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீடு தருவதற்காக அதைக் கேட்கிறார்கள். இழப்பீட்டுக் கணக்கின் அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். வயதையும் நோயின் நிலையையும் வைத்து அது கூடும், குறையும். டிரையலால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் வைத்தியச் செலவு அவர்களுடையது. பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலே எந்த நாளிலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை.

கையெழுத்தான படிவத்தின் நகலை வாங்காமல் வராதீர்கள். டிரையலுக்கு அனுமதி தந்து கண்காணிக்கும், ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரமும் உங்களிடம் இருக்க வேண்டும். டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை அந்தக் குழுவிடம் அப்பாவே நேரடியாகக் கேட்கலாம்.